நிற்கிற மெஷினா, படுத்த மெஷினா

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, அதுக்கு ஒரு கால் சரியில்லை. இதுல உட்காருங்க. எங்க வீட்டுக்காரங்க வந்துடுவாங்க. வேதக்கோயில் கமிட்டிக்குப் போயிருக்காங்க. அசனம் நெருங்குது இல்லையா, ஊர் பூரா உட்கார்ந்து சாப்பிடுற விருந்து, யார் அரிசி, யார் காய்கறி, யார் விறகுன்னு பேசி முடிக்கணும். அங்கே பேச உட்கார்ந்தா சீக்கிரம் எழுந்திருக்க மாட்டாங்க. வீட்டிலதான் பேச்சு குறைவு.

மெஷின் அதோ, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு. அவங்க வந்து ஓட்டிக் காட்டுவாங்க. எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனா அவங்க இல்லாதப்ப நான் அதைத் தொட்டா நல்லா இருக்காது. காப்பி குடிங்க. கருப்பட்டிக் காப்பிதான், இந்தப் பக்கம் வந்துட்டு சீனிக் காப்பி குடிச்சா எப்படி.

என்ன கேட்டீங்க? விறகு பிளக்க நிற்கிற மெஷின் நல்லதா, படுத்த மெஷின் நல்லதான்னா?

இந்த வீட்டில இதே கேள்வியைத்தான் கேட்டாங்க. சரி, முதல்ல மெஷினைச் சொல்லிடுறேன், பிறகு மற்றது.

படுத்த மெஷின்னா தொடை உயரத்துக்கு நீளமா ஒரு இரும்புச் சட்டம், கட்டில் சட்டம் மாதிரி. கட்டையைத் தூக்கி அதுமேல படுக்கப் போடணும். லிவரை இழுத்தா பின்னாலே இருந்து ஜாக்கி தள்ளும். முன்னால ஆப்பு இருக்கும். கட்டை போய் ஆப்புல ஏறி, இந்தப் பக்கம் ஒரு பாதி, அந்தப் பக்கம் ஒரு பாதியா விழும். நிற்கிற மெஷின்ல ஆப்பு மேலே இருக்கும். கட்டையைத் தரையோட உருட்டிட்டு வந்து கீழே இருக்கிற தகட்டில நிமிர்த்தி வச்சா போதும், ஆப்பு மேலே இருந்து இறங்கும். தூக்குற வேலை இல்லை.

அப்ப நிற்கிறதுதானே நல்லதுன்னு கேட்பீங்க. அப்படியும் சொல்லிட முடியாது. வேலிக்கருவை இருக்கே, நாங்க உடைமரம்னு சொல்லுவோம், அது கோணலும் மாணலுமா இருக்கும். அதை நிமிர்த்தி வச்சா நிற்குமா? கையை எடுத்ததும் சாயும். படுக்கப் போட்டா அந்தத் தொல்லை இல்லை. இன்னொண்ணு, படுத்த மெஷின்ல ஆள் நிமிர்ந்து நின்னு வேலை பார்க்கலாம். நிற்கிற மெஷின்ல குனியணும், இல்லைன்னா முக்காலி போட்டு உட்காரணும். மெஷின் படுத்திருந்தா ஆள் நிற்கணும், மெஷின் நின்னா ஆள் உட்காரணும். அவ்வளவுதான் தம்பி வித்தியாசம். இதுக்குப்போய் ஒரு வீட்டில பேச்சுவார்த்தை நின்னுபோகும்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?

நான் யாரையும் குறை சொல்றதுக்காகச் சொல்லலை. நான் யார் பக்கமும் பேச மாட்டேன். என் சுபாவம் அப்படி. அக்கம்பக்கத்திலே கேட்டுப் பாருங்க, அன்னபாக்கியம் ஒருத்தரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

முந்தி எங்க விறகுக்கடையில ரெண்டு பேர் கோடாலி போட்டாங்க. நல்ல வேலைக்காரங்க. கேரளாவிலே கட்டட வேலைன்னு கிளம்பிப் போயிட்டாங்க. அதுக்குப் பிறகு கோடாலி பிடிக்க ஆளே கிடைக்கலை. எங்க வீட்டுக்காரங்களும் செல்வினும்தான் மாறி மாறிப் பிளந்தாங்க. செல்வின் எங்க மகன். மூத்தவ பியூலாவைக் கோயம்புத்தூர்ல கட்டிக் கொடுத்திருக்கு. இவன் டிப்ளமா முடிச்சு ஒரு கம்பெனியில இருந்தான். ஒரு நாள் பையும் பெட்டியுமா வந்து நின்னான். "எப்பா, நான் நம்ம கடைக்கே வந்துருதேன்"ன்னான். நாங்க கூப்பிடலை. அவனா வந்தான். அவங்க அன்னைக்கு மத்தியானம் தானே போய்ச் சீலா மீன் வாங்கிட்டு வந்தாங்க.

அப்புறம் ரோட்டை அகலம் பண்ணினாங்க. ரோட்டோரத்துப் புளியமரம் எல்லாம் வெட்டி ஏலம் விட்டாங்க. இவங்க ஏலத்துல எடுத்தாங்க. லாரி லாரியா வந்து இறங்கினது தம்பி. அடிக்கட்டை ஒவ்வொண்ணும் ஆட்டுரல் தண்டிக்கு இருக்கும், சிலது அதைவிடப் பெரிசு. முற்றமே தெரியலை. துணி காயப்போட இடமில்லாம மருமக மெர்லின் கட்டை மேலயே விரிச்சுப் போட்டா. புளிச் சாயம் ஏறி வெள்ளைச் சட்டை எல்லாம் காவி ஆயிடுச்சு. "எத்தே, இவருக்கு இனிமே சாமியார் வேலைதான்"ன்னு சிரிச்சா.

சிரிப்பு எல்லாம் இருந்தது அப்ப.

இவ்வளவு கட்டையைக் கோடாலியால பிளக்க முடியாது, மெஷின் வாங்கணும். அதுல ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான். எந்த மெஷின்கிறதிலதான் பிரச்சினை.

சாப்பிடும்போது செல்வின் ஆரம்பிச்சான். "எப்பா, புளியங்கட்டைக்கு நிக்கிற மெஷின்தான் சரி. உருட்டிட்டு வந்தாப் போதும்."

"உடைமரத்தை என்னலே செய்ய? நீ பக்கத்துல நின்னு பிடிச்சுக்கிடுவியா?"

"உடை இப்ப எங்க இருக்கு? வாசலைத் திறந்தா புளிதான் கெடக்கு."

"இந்தப் புளி தீந்துபோவும். பொறவு உடைதான். நான் வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து உடை பாக்கேன். மெஷின் இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டுமா?"

"அது தீரதுக்குள்ள நான் தீந்துருவேன்."

"தூக்க முடியலன்னா சொல்லு. நான் தூக்குதேன்."

அவங்க சொன்னதிலயும் நியாயம் இருந்தது. இவன் சொன்னதிலயும் நியாயம் இருந்தது. நான் ரசத்தை ஊத்திக்கிட்டு இருந்தேன்.

செல்வின் போன்ல படம் காட்டினான். ஒரு வெள்ளைக்காரன் முக்காலியில உட்கார்ந்து, நிற்கிற மெஷின்ல பெரிய பெரிய கட்டையைப் பிளக்கிறான். அவங்க அதை ஒரு நிமிஷம் பார்த்தாங்க. "உக்காந்துக்கிட்டா? பாத்திரம் வெளக்குத மாதிரியா? எங்க அப்பா, நான் எல்லாம் நின்னு வெட்டுனவங்கலே. விறகு வெட்டப் போற ஆம்பள முக்காலியத் தூக்கிட்டா போவான்?"

மெர்லினுக்கு வாய் கொஞ்சம் நீளம். "மாமா, பாத்திரம் வெளக்குறது ஒண்ணும் லேசு இல்ல. ஒரு நாள் வந்து உக்காந்து பாருங்க"ன்னா. செல்வின் சிரிச்சுட்டான். அவங்க சிரிக்கலை. தட்டில இருந்த சோற்றைப் பாதியிலயே விட்டுட்டு எழுந்துட்டாங்க.

ரெண்டு விதமாவும் திருப்பிக்கிற மெஷின் இல்லையான்னு கேட்கிறீங்களா தம்பி? இருக்கு. அதையும் காட்டினான். கட்டுப்படி ஆகலை.

இப்படியே நாள் போனது. கட்டை வெயில்ல காஞ்சு வெடிக்க ஆரம்பிச்சது. மண்டபக்காரங்க விறகு கேட்டு ஆள் அனுப்பினாங்க. ஒரு நாள் எல்லாரும் இருக்கும்போது செல்வின் என் பக்கம் திரும்பினான். "எம்மா, நீ சொல்லு. இந்த வாசல்ல இருந்துக்கிட்டு எல்லாத்தையும் நீதான் பாக்க. என்ன கட்டை வருது, யாரு தூக்குதா, எல்லாம் ஒனக்குத் தெரியும். எந்த மெஷின் வாங்கலாம்?"

அவங்களும் என்னைப் பார்த்தாங்க. அவங்க அப்படி என் முகத்தைப் பார்த்து நாளாச்சு. புருஷனுக்கும் மகனுக்கும் நடுவிலே நான் என்ன சொல்ல? ஒருத்தர் பேரைச் சொன்னா இன்னொருத்தர் மனசு நோகும். "ஜெபம் பண்ணிச் சீட்டுப் போடுவோம்"னு சொல்லிட்டேன்.

எங்க பக்கம் அது உண்டு தம்பி. கல்யாணக் காரியம், வீடு வாங்குறது, பிள்ளையை எந்தப் படிப்புல சேர்க்கிறது, எதுக்கும் போடுவோம். பியூலாவுக்கு ரெண்டு மாப்பிள்ளை வந்தப்பவும் சீட்டுத்தான் போட்டோம். நல்லாத்தான் இருக்கா. மூணு சீட்டு எழுதணும். ஒண்ணுல 'நிற்கிறது', ஒண்ணுல 'படுத்தது', மூணாவது வெறுஞ்சீட்டு. ரெண்டும் ஆண்டவருக்குச் சித்தம் இல்லைன்னா அதைச் சொல்ல அவருக்கு ஒரு வழி வைக்கணும் இல்லையா?

செல்வின் கேட்டான், "எம்மா, ஆண்டவருக்கு ஹைட்ராலிக் தெரியுமா?"

"வாயைக் கழுவுலே"ன்னாங்க அவங்க. சீட்டுன்னதும் அவங்க உடனே சம்மதிச்சுட்டாங்க. மெஷின் கம்பெனிக்காரன் பேச்சை நம்ப மாட்டாங்க, மகன் பேச்சையும் நம்ப மாட்டாங்க, சீட்டை நம்புவாங்க. அந்த நம்பிக்கை அவங்ககிட்ட எனக்குப் பிடிக்கும்.

முழங்கால் போட்டு ஜெபிச்சோம். நான்தான் ஜெபிச்சேன். கிண்ணத்தைக் குலுக்கி, செல்வின் மகளை எடுக்கச் சொன்னோம், அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவ எடுத்துக் கொடுத்ததைப் பிரிச்சேன்.

வெறுஞ்சீட்டு.

பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் அவங்க சொன்னாங்க, "இதுக்கு என்ன அர்த்தம்? வீட்டுத் தலைவன்கிட்ட விட்டுட்டாருன்னு அர்த்தம்."

செல்வின் சொன்னான், "கட்டையைத் தூக்குறவன்கிட்ட விட்டுட்டாருன்னு அர்த்தம்."

"கேரளாவுக்குப் போன ஆளுகளைத் திரும்பக் கூப்பிடுங்கன்னு அர்த்தம்"னா மெர்லின்.

"எம்மா, ஒனக்கு என்ன அர்த்தம்?"ன்னு கேட்டான்.

எனக்கு என்ன பட்டதுன்னா, வெறுஞ்சீட்டுன்னா பேசாம இருன்னு அர்த்தம். அதுல ஒரு எழுத்தும் இல்லையே. ஆண்டவரே எழுதாததை நான் எப்படிப் பேச? நான் கிண்ணத்தைக் கழுவிக் கவுத்து வச்சேன்.

அடுத்த வாரம் படுத்த மெஷின் வந்து இறங்கினது. அவங்களே கம்பெனிக்கு போன் பண்ணி ஆர்டர் சொல்லிட்டாங்க. எங்க சர்ச் ஐயர் வந்து ஜெபம் பண்ணினார். மெஷினை மாட்ட வந்த பையன் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டணும்னு கொண்டுவந்திருந்தான். அவங்க வேண்டாம்னுட்டு ஒரு பைபிள் வசன ஸ்டிக்கரை ஒட்டினாங்க. அந்தப் பையன் போகும்போது எங்கிட்ட ரகசியமா, "எதுக்கும் ஒரு பழத்தை அடியில வச்சிருங்கக்கா"ன்னான். சிரிப்பா வந்தது. நான் வைக்கலை.

மெஷின் நல்ல மெஷின் தம்பி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் மக்கர் பண்ணினது இல்லை.

அவங்க லிவர் பிடிச்சாங்க, செல்வின் கட்டையைத் தூக்கினான். இப்படின்னு யாரும் பேசி வைக்கலை. முதல் நாள் யார் எங்கே நின்னாங்களோ அப்படியே நின்னுட்டாங்க. பெரிய கட்டை ஒரு தடவையில விறகாகாது. ரெண்டாப் பிளந்து கீழே விழும். விழுந்த பாதியைத் திரும்பத் தூக்கிப் போடணும். அது பிளந்து விழும். அதையும் திரும்பத் தூக்கணும். காலையில இருந்து குனிஞ்சு, தூக்கி, குனிஞ்சு, தூக்கி. நான் இங்கே அரிசி புடைச்சுக்கிட்டே பார்ப்பேன்.

பலகையைச் சாய்ச்சுப் போட்டு உருட்டி ஏத்திப் பார்த்தான். பலகை முறிஞ்சது. வேற தடிப் பலகை கொண்டுவந்தான். "இது என்னலே, சர்க்கஸா?"ன்னாங்க. ரோட்டுல போறவங்க நின்னு பார்க்கிறாங்கன்னு அவங்களுக்குக் கூச்சம். அதை விட்டுட்டான். ஒரு நாள் விளையாட்டாத்தான் சொன்னான், "எப்பா, இன்னைக்கு ஒரு நாள் நீங்க தூக்குங்க, நான் லிவரைப் பிடிக்கேன்." அவங்க, "லிவர் பிடிக்க அனுபவம் வேணும்லே"ன்னாங்க.

அவன் போன பிறகு நான்தான் பிடிச்சேன் தம்பி. அதுல ஒண்ணும் இல்லை. இழுத்தா வரும், விட்டா நிற்கும்.

காப்பி ஆறிடுச்சே, சூடு பண்ணித் தரட்டா? வேண்டாமா? சரி.

ஒரு நாள் காலையில தண்ணி குடிக்கக் குனிஞ்சவன் நிமிரலை. மெர்லின் கூப்பிட்டா. போய்ப் பார்த்தா குடத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிற்கிறான். முகம் வேர்த்து ஊத்துது. நான் எண்ணெயை எடுத்து ஜெபம் பண்ணித் தடவினேன். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். முதுகுத் தட்டு விலகியிருக்கு, கனம் தூக்கக் கூடாதுன்னு சொல்லி பெல்ட் போட்டு அனுப்பினாங்க. அவங்க கட்டில் பக்கத்துல வந்து நின்னாங்க. "மெஷின்ல வேலை செய்யிதவனுக்கு எல்லாம் இப்படி வருமா?"ன்னு மட்டும் கேட்டாங்க. கவலையாத்தான் கேட்டாங்க. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டான்.

அவன் படுத்திருந்த நாளெல்லாம் அவங்களே தனியாத் தூக்கினாங்க. நான் லிவருக்கு வாரேன்னேன், வேண்டாம்னுட்டாங்க. தானே தூக்கி வச்சு, தானே சுற்றி வந்து லிவரை இழுத்து. ஒரு நாள் கட்டைக் குவியலுக்குப் பின்னால இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கண்ணுல தண்ணி நின்னது. நான் பார்த்தது அவங்களுக்குத் தெரியாது. சத்தம் போடாம வந்துட்டேன். இதைப் போய்ச் செல்வின்கிட்ட நான் சொல்லலை. செல்வின் வலியில பல்லைக் கடிச்சதை அவங்ககிட்டயும் சொல்லலை. ரெண்டு பேர் வலியும் எனக்குத் தெரியும். ஒருத்தர் வலியை இன்னொருத்தர்கிட்ட கொண்டுபோய்ச் சொல்றது புறணி மாதிரி ஆகிடும் இல்லையா? ஆண்டவர்கிட்டதான் சொன்னேன். ரெண்டு பேர் பேரையும் சொல்லி, தினமும்.

செல்வின் எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் சொன்னான், "எப்பா, கம்பெனிக்காரன் இதை எடுத்துக்கிட்டு வேற குடுப்பானாம். நான் கேட்டுட்டேன். மாத்திருவோம்."

"ஜெபம் பண்ணி வச்ச மெஷினை மாத்தவா?"ன்னாங்க. "ஆளை வேணும்னா மாத்துவேன். மெஷினை மாத்த மாட்டேன்."

கோபத்துல வந்த வார்த்தை. எல்லா வீட்டிலயும் வர்ற வார்த்தைதான். செல்வின் நேரா அடுப்படிக்கு வந்தான், நான் மீன் கழுவிக்கிட்டு இருந்தேன். "எம்மா, நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த. யாரு சொல்லுதது சரி? ஒரு வார்த்தை அவங்ககிட்ட சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

"ஐயா, ஜெபிப்போம்"னேன்.

"நான் கர்த்தரைக் கேக்கலைம்மா. ஒன்னையத்தான் கேக்கேன்."

அது மரியாதையான பேச்சா தம்பி? ஆனா நான் கோபப்படலை. ஒண்ணும் சொல்லாம மீனைக் கழுவினேன். பின்னால கொஞ்ச நேரம் நின்னான். நிற்கிறது எனக்குத் தெரிஞ்சது. அப்புறம் போயிட்டான்.

அன்னைக்குப் போனவன்தான். பைபாஸ்ல சங்கரபாண்டி விறகுக்கடை இருக்கே, அங்கே கூலிக்குச் சேர்ந்துட்டான். சொந்தக் கடை இருக்க, பக்கத்துக் கடைக்குக் கூலிக்கு. பக்கத்துலயே ஒரு வீடு பிடிச்சு மெர்லினையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போனான். அங்கே நிற்கிற மெஷின். முக்காலி போட்டு உட்கார்ந்து பிளக்கிறானாம், வேற ஆளுங்க உருட்டிட்டு வந்து கொடுக்கிறாங்களாம். அவங்க இப்ப பைபாஸ் வழியாப் போறதே இல்லை. ஊரைச் சுற்றிப் போறாங்க.

அவனுக்கு எங்கிட்ட என்ன கோபம்னு எனக்கு இன்னும் பிடிபடலை தம்பி. அப்பாகிட்ட கோபம், அது தெரியுது. அவன் அவங்ககூடச் சண்டை போட்டான். எங்கிட்ட என்ன? நான் அவனை ஒரு வார்த்தை சொன்னது இல்லை. கோயில்ல கடைசி வரிசையில உட்கார்ந்திருப்பான். ஆசீர்வாதம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வெளியே போயிடுவான். பேத்தி மட்டும் திரும்பிக் கையைக் காட்டுவா. நானும் கையைக் காட்டுவேன். ஆண்டவரே, அவனுக்கு நல்ல புத்தியைக் கொடும்னு கேட்கிறேன்.

அழுதீங்களான்னு பியூலா போன்ல கேட்டா. அழுகை வரலை. பல் பிடுங்க ஊசி போடுவாங்க இல்லையா, அப்ப கன்னத்தைத் தொட்டுப் பார்த்தா கன்னம் இருக்கும், ஆனா நம்ம கன்னம் மாதிரி இருக்காது. அப்படித்தான் இருக்கு. எழுந்திருக்கிறேன், பெருக்குறேன், சமைக்கிறேன், ஜெபிக்கிறேன். அவங்களும் அப்படித்தான். சாப்பாட்டுல உப்பு இல்லைன்னா முந்தி தட்டைத் தள்ளுவாங்க. போன வாரம் உப்புப் போட மறந்துட்டேன். பேசாம சாப்பிட்டுட்டுப் போனாங்க. நானும் சாப்பிட்ட பிறகுதான் எனக்கே தெரிஞ்சது.

கொஞ்ச நாள் அவங்க தூக்க, நான் லிவர் பிடிக்க ஓட்டிப் பார்த்தோம். முடியலை. ஒரு நாள் ஒரு கட்டையைப் பாதி தூக்கினவங்க அப்படியே கீழே விட்டுட்டு, மெஷினை அணைச்சு, தார்ப்பாயைப் போட்டுட்டு உள்ளே வந்துட்டாங்க. "வித்துருவோம்"னாங்க. சரின்னேன். அந்தக் கட்டை இன்னும் அங்கேயேதான் கிடக்கு, பாருங்க, சக்கரத்துக்குப் பக்கத்துல. எப்பவும் அசனத்துக்கு விறகு எங்க வீட்டு விறகுதான். இந்த வருஷம் கமிட்டியில என்ன சொல்லப் போறாங்களோ தெரியலை.

ஆமா, நான் கேட்கவே இல்லையே. மெஷின் விற்கிறது உங்களுக்கு யார் சொன்னாங்க? நாங்க இன்னும் வெளியே சொல்லக்கூட இல்லையே.

யாரு?

பைபாஸ் கடையிலயா? முக்காலியில உட்கார்ந்திருந்த பையனா? நெற்றியில இங்கே ஒரு தழும்பு இருக்குமே. அவன்தான். பெல்ட் போட்டிருந்தானா? சட்டைக்கு மேலேயா? மேலேயே போட்டிருந்தானா. அப்ப இன்னும் வலி இருக்கு. மெலிஞ்சிருக்கானா? சரி, உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க முன்னே பார்த்திருக்க மாட்டீங்க. சிரிச்சுப் பேசினானா?

விற்கப் போறாங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? பியூலா சொல்லியிருப்பா. என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க தம்பி, ஒரு வார்த்தை விடாம.

"எங்க அப்பா ஒரு மெஷின் விக்கப் போறாங்க. பாக்கணும்னா போய்ப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அது அவங்க வியாபாரம். ஆனா வாங்குறதுக்கு முந்தி எங்க அம்மாவைக் கேளுங்க. அவங்களுக்குத்தான் தெரியும்"னானா?

அம்மாவைன்னா சொன்னான்? எங்க அம்மாவைன்னு சொன்னானா?

கொஞ்சம் இருங்க. ஒண்ணும் இல்லை. இந்த டம்ளரைக் கழுவி வச்சிட்டு வாரேன்.

அதான் வந்ததும் வராததுமா அதையே கேட்டீங்களா? நான் என்னென்னமோ சொல்லிட்டேன். நீங்க என்ன விறகு பிளக்கப் போறீங்க, அதைச் சொல்லலையே. புளியா? முழுக்கப் புளியா? தூக்கப் போறது யாரு? உங்க தம்பியா? என்ன வயசு? சின்னப் பையன்.

வண்டிச் சத்தம் கேட்குதா? அது அவங்க வண்டிதான். முக்குத் திரும்பிட்டாங்க.

தம்பி, இங்கே பாருங்க, சீக்கிரமாச் சொல்றேன். புளின்னா நிற்கிற மெஷின்தான். இதை வாங்காதீங்க. உங்க தம்பி முதுகு போயிடும். ஒரு கட்டையைத் திரும்பத் திரும்பத் தூக்கணும், எந்த முதுகும் தாங்காது. செல்வின் சொன்னதுதான் சரி. முதல் லாரி வந்து இறங்கினப்பவே எனக்குத் தெரியும்.

ஆனா நான் சொன்னேன்னு அவங்ககிட்டச் சொல்லிடாதீங்க. பார்த்துட்டு, வீட்டில கலந்துக்கிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போயிடுங்க. பைபாஸ்ல அந்தப் பையன்கிட்டயும் சொல்ல வேண்டாம். திரும்பப் போகும்போது கூப்பிட்டுக் கேட்பான், எங்க அம்மா என்ன சொன்னாங்கன்னு. கேட்டா, அம்மா ஜெபிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லுங்க. அது போதும்.

இதோ வந்துட்டாங்க. ஏங்க, இந்தத் தம்பி மெஷின் பார்க்க வந்திருக்காங்க, ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்காங்க. நான் ஒண்ணும் பேசலை. நீங்களே காட்டுங்க.